நான்காம் துணை

மருத்துவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பவர் டாக்டர். அவருக்குப் பின்னால் மாத்திரையும் ஊசியும் வருகின்றன. ஆனால் திருவள்ளுவர் அவ்வளவோடு நிறுத்தவில்லை. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில், நோயாளி, நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுப்பவர் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை அவர் வகுத்துக் கூறுகிறார். முதல் மூன்றையும் நாம் நன்கு அறிவோம். நான்காவதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இரண்டு நாள் காய்ச்சலுக்கு இந்த நான்காமவர் இல்லாவிட்டாலும் ஒருவாறு சமாளித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுவதும், வீட்டிலிருந்தபடியே மருந்து உண்ண வேண்டிய நோய்களில் அவர் இல்லாமல் முடியாது. அத்தகைய நோய்களுள் ஒன்று குடல் அழற்சி நோய். இந்நோய் உள்ளவர்களுக்கு மருந்தாளுநர் எவ்வாறு துணை நிற்கிறார் என்பதை இக்கட்டுரையில் காண்போம். டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்வரும் வேலை பல வீடுகளில் பிள்ளைகளாகிய நம்மிடம்தானே ஒப்படைக்கப்படுகிறது? ஆகவே இது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தியே.

குடலில் பற்றும் நெருப்பு

நம் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும், பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் உடையவை. நாம் உண்ணும் உணவிலிருந்து சத்தையும் நீரையும் பிரித்து உடலுக்கு ஊட்டும் அரிய பணியை இவை ஓசையின்றிச் செய்துவருகின்றன. வெளியிலிருந்து வரும் கிருமிகளைத் தடுக்க, உடலின் எதிர்ப்பு ஆற்றல் என்னும் காவற்படை குடற்சுவரில் எந்நேரமும் விழித்திருக்கிறது. அந்தக் காவற்படை வழி தவறித் தன் வீட்டுச் சுவரையே தாக்கத் தொடங்கினால் என்னவாகும்? சுவர் சிவந்து வீங்கும், புண்ணாகும், இரத்தம் கசியும். இதுவே குடல் அழற்சி நோய்.

இது இருவகைப்படும். ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி. இது பெருங்குடலின் உட்பரப்பை மட்டுமே பற்றும். ஆசனவாயை அடுத்த பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். மற்றொன்று குரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையில் எங்கும் வரலாம். சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கலாம். 1932-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று மருத்துவர்கள் இதனை விவரித்து எழுதினார்கள். முதலில் நின்ற பெயரே நோய்க்கு வழங்கலாயிற்று.

பரம்பரைக் கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல் ஆகியவை ஒன்றுசேர்ந்து இந்நோய்க்கு வழி செய்கின்றன. இது தொற்றுநோய் அன்று. நோயாளியின் தட்டில் உண்பதாலோ, அருகில் உறங்குவதாலோ பிறருக்கு வராது. காரம் தின்றதால் வந்த தண்டனையும் அன்று.

இது மேனாட்டார் நோய், நமக்கு வராது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பஞ்சாபில் மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கணக்கு, ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதாகக் காட்டிற்று. எனவே நம் நாட்டிலும், நம் ஊரிலும், நம் தெருவிலும் இந்நோயாளிகள் இருக்கக்கூடும். அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவே.

ஓர் அக்காளை நினைத்துக்கொள்வோம். இவர் நம் கற்பனையில் பிறந்தவர். ஆனால் இவருக்கு நேர்வதெல்லாம் நாள்தோறும் உண்மையாகவே பலருக்கு நேர்கிறது. வயது 19. ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். சில மாதங்களாக ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம். வெட்கத்தால் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மூலமாக இருக்கும் என்று தாமே முடிவு செய்துகொண்டார். வகுப்பில் பாடம் நடக்கையில் எழுந்து போக நேருமோ என்ற அச்சத்தில் காலையில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். உடல் இளைத்து, முகம் வெளுத்து, ஒருநாள் மயங்கி விழுந்த பிறகே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்த்து, நோய் இன்னதென்று கண்டார்கள். பிரெட்னிசோலோன், மெசாலமின் என்ற இரு மருந்துகளின் சீட்டோடு அக்காள் வீடு திரும்பினார். இனி நடக்க வேண்டியதெல்லாம் வீட்டில்தான்.

பெண்மணிகள் இருவர் தந்த கொடை

அக்காளின் கையிலுள்ள மருந்துக்குப் பின்னால் ஒரு பெண்மணியின் உழைப்பு இருக்கிறது. சுவீடன் நாட்டு மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸ் அம்மையார், 1937-இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியரானார். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண்மணி அவரே. மூட்டுவாதத்துக்கு மருந்து தேடிய அவர், சல்ஃபா மருந்து ஒன்றையும் சாலிசிலேட் வகை மருந்து ஒன்றையும் ஒரே மூலக்கூறாகப் பிணைக்கச் செய்தார். சல்ஃபாசலசின் என்ற அந்த மருந்து பெருங்குடல் புண் அழற்சிக்கும் நல்ல பலன் தருவதைக் கண்டு, 1942-இல் அறிவித்தார்.

அது வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. மருந்தின் பெரும்பகுதி பிரியாத பொட்டலமாகவே சிறுகுடலைக் கடந்து செல்கிறது. பெருங்குடலை அடைந்ததும் அங்கு வாழும் பாக்டீரியாக்கள் பிணைப்பை அறுத்துப் பொட்டலத்தைப் பிரிக்கின்றன. மருந்து வேண்டிய இடத்திலேயே விடுபடுகிறது! 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான், ட்ரூலவ் முதலிய மருத்துவர்கள், பொட்டலத்துக்குள் இருந்த இரு பொருள்களில் குடலை ஆற்றுவது எது என்று சோதித்தார்கள். சல்ஃபா பகுதி வெறும் சுமைகூலியே என்றும், மற்றப் பகுதியே மருந்து என்றும் தெளிவாயிற்று. அந்த மற்றப் பகுதிதான் இன்றைய மெசாலமின். சல்ஃபா ஒவ்வாதவர்களும் உண்ணத்தக்க மருந்தாக அது தனியே வந்தது.

இரண்டாமவர் அமெரிக்க வேதியியலார் கெர்ட்ரூட் எலியன் அம்மையார். பதினைந்து வயதில் தம் தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பட்டம் பெற்றும், பெண் என்ற காரணத்தால் ஆய்வுக்கூடங்களில் வேலை கிடைக்காமல் அலைந்தார். பள்ளியில் வேதியியல் கற்பித்தார். உணவு நிறுவனம் ஒன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலையும் பார்த்தார். பின்னாளில் ஹிட்ச்சிங்ஸ் என்பாரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மருந்துகளுள் ஒன்று அசதியோப்ரின். வழி தவறிய காவற்படையை அடக்கிவைக்கும் இம்மருந்து இன்றும் குடல் அழற்சிக்குப் பயன்படுகிறது. 1988-இல் எலியன் அம்மையாருக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வளவு அறிவும் உழைப்பும் ஒரு சிறு மாத்திரைக்குள் அடங்கியிருக்கின்றன. ஆனால் மாத்திரை அட்டையிலேயே இருந்துவிட்டால் அவற்றால் என்ன பயன்?

நலம் கண்டபின் வரும் சோதனை

குடல் அழற்சி நோயின் இயல்பு, எரிவதும் அடங்குவதுமாகும். மருந்து உண்ணத் தொடங்கியதும் சில வாரங்களில் இரத்தம் நிற்கிறது. வயிறு அமைதி அடைகிறது. நோயாளிக்குத் தாம் குணமாகிவிட்டதாகவே தோன்றுகிறது. உண்மையில் நெருப்பு அணையவில்லை, சாம்பலுக்குள் உறங்குகிறது. அதனை அப்படியே உறங்க வைத்திருப்பதுதான் தொடர்ந்து உண்ணும் மாத்திரையின் வேலை.

பசித்தவன் சோற்றை மறப்பதில்லை. வலியுள்ளவன் மருந்தை மறப்பதில்லை. வலி போன பிறகு மருந்தை நினைவில் வைப்பதே கடினம். நம் அக்காளுக்கும் ஐந்தாம் மாதத்தில் இச்சோதனை வந்தது. “நன்றாகத்தானே இருக்கிறாய்? இத்தனை மாத்திரை உடம்புக்கு ஆகுமா?” என்று பாட்டி கேட்டார். “திருமணப் பேச்சு வரும்போது இந்த மருந்துப் பெட்டி கண்ணில் படலாமா?” என்று அத்தை கவலைப்பட்டார். மாதந்தோறும் ஆகும் செலவை அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அக்காளுக்குத் தெரியும். மூன்று வேளை இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று, பிறகு அதுவும் நின்றது.

இவ்வாறு நிறுத்துவதால் விளைவது என்ன? அமெரிக்காவில் சிக்காகோ நகர மருத்துவர்கள், மெசாலமின் உண்டு நோய் அடங்கியிருந்த 99 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தை ஒழுங்காக உண்டவர்களைக் காட்டிலும் ஒழுங்கின்றி உண்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. ஒருவர் ஒழுங்காக உண்டாரா இல்லையா என்பதை அவர்கள் எப்படிக் கண்டார்கள் தெரியுமா? மருந்தகக் கணக்கைப் பார்த்துத்தான். எழுதித்தந்த மருந்தில் நூற்றுக்கு 80 பங்கேனும் வாங்கினாரா என்பதே அவர்கள் வைத்த அளவுகோல்.

இந்தச் செய்தியில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. டாக்டர் நோயாளியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். அடுத்த முறை வரும்வரை நடந்தது அவருக்குத் தெரியாது. வீட்டார் கேட்டால் “சாப்பிட்டேன்” என்ற ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். ஆனால் மாதம் தவறாமல் வந்த சீட்டு இம்மாதம் வரவில்லை என்பது மருந்தாளுநருக்குத் தெரியும். நோய் திரும்பி வருவதற்கு முன்பே, அது வரப்போகும் வழியைக் காணக்கூடிய இடத்தில் நிற்பவர் அவரே.

மருந்தாளுநர் யார்?

கடையில் பெட்டியைத் தேடி எடுத்துக் கொடுப்பவர் எல்லாரும் மருந்தாளுநர் அல்லர். மருந்தியல் பயின்று, மாநில மருந்தியல் கழகத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டவரே மருந்தாளுநர். இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் இதற்கு அடிப்படை. 2015-இல் வெளிவந்த தொழில் நடைமுறை விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. மருந்தின் பெயர், அளவு, உண்ணும் முறை, தோன்றக்கூடிய பக்க விளைவுகள், பாதுகாக்கும் முறை, ஒருவேளை தவறினால் செய்ய வேண்டியது ஆகியவற்றை நோயாளிக்கு விளக்குவது மருந்தாளுநரின் பணி என்று அவை கூறுகின்றன. அவர் வெள்ளை மேலங்கியும் பெயரட்டையும் அணிந்திருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. எனவே கேட்பது நம் உரிமை; சொல்வது அவர் கடமை.

நம் அக்காளின் கதையில், மருத்துவமனைக்கு எதிரே இருந்த மருந்தகத்தின் மருந்தாளுநர் ஒரு நல்ல பெண்மணி. சீட்டு வராததைக் கண்டு அக்காளின் தந்தையிடம் விசாரித்தார். மறுநாள் அக்காள் வந்தபோது கூட்டத்தின் நடுவில் எதையும் கேட்கவில்லை. ஓரமாக அழைத்து உட்கார வைத்து, “ஏனம்மா நிறுத்தினாய்?” என்று கடிந்துகொள்ளவும் இல்லை. “எந்த வேளை மாத்திரை உனக்குக் கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியில் அக்காளின் மனக்கதவு திறந்தது.

விடுதித் தோழியர் முன்னால் மதிய மாத்திரையை விழுங்க அக்காளுக்குக் கூச்சம். அதுவே தொடக்கம். மருந்தாளுநர் டாக்டரிடம் தொலைபேசியில் பேசினார். நாள் முழுவதற்கும் உரிய மெசாலமினை ஒரே வேளையில் உண்ணும்படி டாக்டர் மாற்றி எழுதினார். காலையில் பல் துலக்கியதும் மாத்திரை என்று ஆயிற்று. மதியக் கூச்சம் ஒழிந்தது. அளவை மாற்றியவர் டாக்டர்தான். மாற்றம் தேவை என்பதைக் கண்டறிந்தவர் மருந்தாளுநர். இருவர் பணியும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

மருந்துக்கு ஒரு முறை உண்டு

ஒவ்வொரு மருந்தையும் உண்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அது தவறினால் நல்ல மருந்தும் வீணாகும். மருந்தாளுநர் சொல்லித் தருபவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

மெசாலமின் மாத்திரைக்கு ஒரு மேலுறை உண்டு. அது வயிற்றில் கரையாமல் கீழ்க்குடலில் கரையும்படி செய்யப்பட்டது. கடித்தாலோ, உடைத்தாலோ, பொடித்தாலோ மருந்து வழியிலேயே சிந்திப்போகும். முழுதாகவே விழுங்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் மேலுறை வேறுபடுவதால் டாக்டரைக் கேளாமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றிக்கொள்ளலாகாது. ஒருவேளை தவறிவிட்டால் நினைவு வந்ததும் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. சிறுநீரகம் நலமாக உள்ளதா என்று அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் தேவை.

நோய் ஆசனவாயை அடுத்த பகுதியில் இருந்தால், அவ்வழியாகவே வைக்கும் மருந்தும் எனிமாவும் எழுதித் தருவார்கள். இதைக் கேட்டதும் பலர் முகம் சுளித்து, வாங்கியதைப் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். புண் உள்ள இடத்துக்கே மருந்து நேராகச் செல்வதால் பலன் மிகுதி. இரவில் படுக்கப் போகுமுன் மலங்கழித்துவிட்டு, எனிமா புட்டியை நன்றாகக் குலுக்கி, இடப்புறமாகச் சாய்ந்து படுத்துச் செலுத்திக்கொள்ள வேண்டும். பெருங்குடலின் இறுதிப் பகுதி இடப்பக்கத்தில் வளைந்து செல்வதால் அவ்வாறு படுத்தால் மருந்து எளிதில் மேலேறும். காரணம் தெரிந்தால் கூச்சம் குறைகிறது அல்லவா?

பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. எரியும் நெருப்பை விரைவில் அடக்கவல்லது. ஆனால் நெடுநாள் உண்ணத்தக்கதன்று. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், உறக்கம் கெடும். ஆகையால் காலையில், உணவுக்குப் பின் உண்ணச் சொல்வார்கள். முகம் உப்புகிறதே என்று பெண்கள் இதனைத் தாமாகவே சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. சில வாரங்கள் இம்மருந்தை உண்டபின் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். டாக்டர் சொல்லும் கணக்குப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். எந்த வாரம் எத்தனை மாத்திரை என்று மருந்தாளுநர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வீட்டில் குழப்பம் நேராது.

அசதியோப்ரின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. முழுப்பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். ‘ஒன்றும் குணமில்லையே’ என்று முதல் மாதத்திலேயே விட்டுவிடுபவர் பலர். இம்மருந்து சிலருக்கு இரத்த வெள்ளணுக்களை மிகவும் குறைத்துவிடும். நம் நாட்டவர் உள்ளிட்ட ஆசிய மக்களிடையே இதற்கு ஏதுவான பரம்பரைக் கூறு ஒன்று அதிகம் காணப்படுகிறது. எனவே தொடக்கத்தில் அடிக்கடியும் பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்தே தீர வேண்டும். காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ வந்தால் காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு அடாலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் உள்ளன. இவற்றைத் தொடங்குமுன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். ஏனெனில் உறங்கும் காசநோயை இவை எழுப்பிவிடக்கூடும். இன்சுலின்போல இதனை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பனிக்கட்டி உறையும் அறையில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். உறைந்து இளகிய ஊசியைப் போடவே கூடாது. பயணத்தில் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தாலும் பனிக்கட்டி நேராகப் படாமல் துணி சுற்ற வேண்டும். நெடுநேரம் மின்சாரம் நின்றுபோனால், ‘போடலாமா கூடாதா’ என்று மருந்தாளுநரைக் கேட்பதே முறை. போட்ட ஊசியைக் குப்பையில் எறியாமல் கெட்டியான டப்பாவில் சேர்த்து வைக்க வேண்டும். குப்பை பொறுக்கும் கைகளும் நம் கைகளைப் போன்றவையே.

சேராத மருந்துகள்

மருந்தாளுநரின் அறிவு எல்லாவற்றிலும் மேலாகப் பயன்படும் இடம், சீட்டில்லாமல் நாம் மருந்து கேட்கும் இடமாகும். தலைவலி, மூட்டுவலி, மாதாந்தர வயிற்றுவலி என்று வலி மாத்திரை வாங்குவது நம்மிடையே சர்வசாதாரணம். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் முதலிய மாத்திரைகள் குடல் அழற்சி உள்ளவர்க்கு அடங்கிய நோயை மீண்டும் கிளப்பிவிடக்கூடும். அவர்களுக்குப் பாரசிட்டமால் ஏற்றது. “இது யாருக்கு? அவருக்கு வேறு என்ன நோய்? என்ன மருந்து உண்கிறார்?” என்று மருந்தாளுநர் கேட்டால், நமக்குச் சலிப்பாக இருக்கலாம். அந்தக் கேள்வி ஒருவரை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து காத்திருக்கக்கூடும்.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையும் அப்படிப்பட்டதே. பெருங்குடல் கடுமையாக அழன்றிருக்கும்போது அதனை உண்டால், குடல் அசைவற்று ஆபத்தான அளவு வீங்கிவிடலாம். அதுபோலவே, கவுட் என்னும் மூட்டுநோய்க்குத் தரும் அலோப்யூரினால் அசதியோப்ரினோடு சேர்ந்தால், இரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறையும். ஒரு டாக்டர் ஒன்றையும் வேறொரு டாக்டர் மற்றொன்றையும் எழுதியிருப்பார். இருவருக்கும் ஒருவர் எழுதியது மற்றவர்க்குத் தெரிந்திராது. இரண்டு சீட்டும் வந்து கூடும் இடம் மருந்தகம். ஆகவே கூடுமானவரை ஒரே மருந்தகத்தில் வாங்குவது நலம். இன்று ஓரிடம், நாளை ஓரிடம் என்று வாங்கினால் நம் மருந்துக் கதையின் தொடர் அறுந்துபோகும்.

மருந்தாளுநருக்கும் எல்லை உண்டு. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போகிறது, காய்ச்சல் இருக்கிறது, நாடி படபடக்கிறது என்றால், அது மருந்தகத்தில் நிற்கும் நேரமன்று. நல்ல மருந்தாளுநர் அப்போது மாத்திரை தரமாட்டார், மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்.

கேட்க வெட்கம் வேண்டாம்

செலவைப் பற்றிப் பேசவும் பலர் வெட்கப்படுகிறார்கள். பணமில்லாமல் பாதி மாத்திரையாக்கி உண்பவர்கள் உண்டு. அதை டாக்டரிடம் சொல்லமாட்டார்கள், மருந்தாளுநரிடம் சொல்லலாம். குறைந்த விலையில் மருந்து விற்பதற்காக 2008 முதல் திறக்கப்பட்டுவரும் மக்கள் மருந்தகங்களில் அம்மருந்து இருக்கிறதா, அரசு மருத்துவமனையில் கிடைக்குமா என்று வழி சொல்ல வல்லவர் அவர். திருமணமான பெண்கள் தாய்மை அடையும்போது ‘குழந்தைக்கு ஆகாது’ என்று அஞ்சி எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவதும் உண்டு. மெசாலமின் போன்ற மருந்துகளைக் கருவுற்றிருக்கும்போதும் தொடரலாம். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற சிலவே அறவே ஆகாதவை. எரியும் நோய்தான் தாய்க்கும் சேய்க்கும் பெரிய தீங்கு. குழந்தைப் பேற்றை எண்ணும்போதே டாக்டரையும் மருந்தாளுநரையும் கலந்து பேசிவிடுவது நன்று.

மாணவியரே, அடுத்த முறை வீட்டாருக்காக மருந்து வாங்கப் போகும்போது ஐந்து கேள்விகளை மறவாமல் கேளுங்கள்:

1. இம்மருந்து எதற்காக?
2. எப்போது, எப்படி, எத்தனை நாள் உண்ண வேண்டும்?
3. ஒருவேளை தவறினால் என்ன செய்வது?
4. எந்தக் குறி கண்டால் டாக்டரிடம் ஓட வேண்டும்?
5. எங்கே, எப்படி வைத்துப் பாதுகாப்பது?

பதிலை ஒரு சிறு நோட்டில் எழுதி, மருந்துப் பெட்டியோடு வைத்துவிடுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். நோயாளியை “சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா” என்று நச்சரிக்க வேண்டா. அந்த மருந்தாளுநரைப் போல, “எது கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள்.

நம் அக்காளின் கதை என்னவாயிற்று? நிறுத்திய சில வாரங்களில் இரத்தம் மீண்டும் தலைகாட்டத்தான் செய்தது. ஆனால் உடனே கவனித்ததால் மருத்துவமனையில் படுக்கும்படி ஆகவில்லை. பயிற்சியை முடித்தார். இப்போது சிறு பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பிக்கிறார். அவருடைய நோய் முற்றும் நீங்கிவிடவில்லை; உறங்குகிறது. காலைதோறும் பல் துலக்கியதும் அவர் விழுங்கும் மாத்திரை அதனை உறங்க வைத்திருக்கிறது. இத்தகைய அக்காள்மார் கற்பனைக்கு வெளியிலும் நம்மிடையே வாழ்கிறார்கள். வகுப்பில் அடிக்கடி எழுந்து வெளியே போகும் தோழியைப் பார்த்துச் சிரிக்கும் முன் அவர்களை நினைத்துக்கொள்வோம்.

நம்முள் சிலர் நாளை மருந்தியல் பயிலக்கூடும். டாக்டர் ஆக முடியவில்லையே என்ற ஏக்கத்தோடு அப்படிப்பில் சேர வேண்டியதில்லை. வள்ளுவர் வகுத்த நான்கு உறுப்புகளில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது. மற்றவர்கள் என்ன ஆனாலும், ஒரு வீட்டில் ஒரு நோயாளிக்கேனும் நான்காம் துணையாக நிற்கும் பேறு நம் ஒவ்வொருவருக்கும் என்றேனும் வாய்க்கும். அந்நாளில் நாம் அறியாமையோடு நிற்காமல், அறிவோடும் அன்போடும் நிற்போமாக!